கடையை மூட வைத்தவனைக் காதலிப்பது: ‘யூ’வ் காட் மெயில்’ குறித்து ஒரு விவாதம்

மாலைக்காட்சி:

1998இல் வெளிவந்த ‘யூ’வ் காட் மெயில்’ படத்தைச் சென்ற வாரம் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் இரண்டு முறையும் முகம் மலர்ந்து எழுந்தவன், இந்த முறை எரிச்சலோடு எழுந்தேன். வயதானதால் வந்த எரிச்சலா, படத்தில் இருந்த கோளாறு இப்போதுதான் கண்ணில் பட்டதா என்று தெரிந்துகொள்ளவே இங்கே எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் அப்பர் வெஸ்ட் சைடில், தாய் விட்டுச்சென்ற சிறுவர் புத்தகக் கடையை நடத்திவருகிறாள் கேத்லீன் கெல்லி (மெக் ரயன்). அதற்குக் கூப்பிடு தூரத்தில், சோபாவும் காப்பியும் தள்ளுபடியுமாக ஒரு பிரம்மாண்டமான புத்தக அங்காடியைத் திறக்கிறான் ஜோ ஃபாக்ஸ் (டாம் ஹாங்க்ஸ்). நேரில் கண்டால் முறைத்துக்கொள்ளும் இந்த இருவரும், ‘ஷாப்கேர்ள்’, ‘என்ஒய்152’ என்ற புனைபெயர்களில், எதிரே இருப்பவர் யாரென்று தெரியாமலேயே மின்னஞ்சலில் மனம்விட்டுப் பேசிக்கொள்கிறார்கள். பாதிப் படத்தில் ஜோவுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. கேத்லீனுக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது. நடுவில் அவளுடைய கடை மூடப்படுகிறது.

இயக்குநர் நோரா எஃப்ரானும் அவருடைய தங்கை டெலியாவும் எழுதிய இந்தத் திரைக்கதையில் எதிர்பாராதது என்று ஒன்றுமே இல்லை. நாயகனுக்கும் நாயகிக்கும் தொடக்கத்திலேயே ஆளுக்கொரு துணை இருக்கிறது. அந்தத் துணைகள் பொருந்தாதவர்கள் என்று நமக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே காட்டிவிடுகிறார்கள். தட்டச்சுப் பொறிகளின் மீது மோகம் கொண்ட பத்திரிகையாளர் ஃப்ராங்க், ஓர் உணவக மேசையில் சிரித்துப் பேசியபடியே கேத்லீனைப் பிரிகிறார். ஜோவின் தோழி பட்ரீஷியாவை, பழுதாகி நின்ற ஒரு மின்தூக்கி கழற்றிவிடுகிறது. சேர்ந்து வாழ்ந்த இரண்டு இணைகள் பிரிகின்றன, ஒருவர் கண்ணிலும் நீர் துளிர்ப்பதில்லை. அப்புறம் இலையுதிர்கால நியூயார்க், ஒரு நாய், ஒரு பூங்கா, ஒரு பழைய பாட்டு. கணக்குப் பாடத்தில் விடையைப் பார்த்துவிட்டு வழியை எழுதும் மாணவனைப் போலத்தான் இந்தப் படம் நடந்துகொள்கிறது என்பது என் குற்றச்சாட்டு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

படுகளம்:

மறுக்கிறேன். விடை தெரிந்திருப்பது ஒரு குறை என்றால் நம் ஊரில் கூத்து என்ற ஒன்றே பிழைத்திருக்க முடியாது. பதினெட்டாம் நாள் துரியோதனன் வீழ்வான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள் என்பது திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும், அவள் மடியில் அரைத்தூக்கத்தில் இருக்கும் பேரனுக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு வேடம் கட்டியவர் அதை எப்படி ஆடுகிறார் என்பதற்காகத்தான் அந்தக் கண்விழிப்பு. காதல் நகைச்சுவைப் படமும் அந்தச் சாதியைச் சேர்ந்ததே.

தவிர, இந்தக் கதை எஃப்ரான் கண்டுபிடித்ததுமன்று. ஹங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஸ் லாஸ்லோ 1937இல் எழுதிய நாடகம் இதன் வேர். அங்கே அது ஒரு வாசனைத் திரவியக் கடை. 1940இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் அதைப் புடாபெஸ்ட் நகரத்துத் தோல்பொருள் கடையாக்கி ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’ என்று எடுத்தார். 1949இல் ஜூடி கார்லண்ட் நடிக்க அது இசைக்கருவிக் கடையாயிற்று. 1963இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் இசை நாடகமாகவும் ஏறியது. கேத்லீனின் கடைக்கு லூபிட்ச் படத்தின் பெயரையே வைத்து, தான் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறோம் என்பதைப் பெயர்ப்பலகையிலேயே எஃப்ரான் எழுதிவிடுகிறார். அறுபது ஆண்டுகளாக ஆடப்பட்டுவரும் கூத்து இது. இவர் எப்படி ஆடினார் என்பதை மட்டும் கேளுங்கள்.

ஒரே ஒரு இழையை எடுத்துக்காட்டுகிறேன். யாராவது சீண்டினால் தனக்கு மனம் வெறுமையாகிவிடுகிறது, சொல்ல வேண்டிய வார்த்தை இரவு படுக்கையில்தான் வருகிறது என்று கேத்லீன் ஒரு மின்னஞ்சலில் எழுதுகிறாள். எனக்கு அதற்கு நேர்மாறான நோய், சுடுசொல் உடனே வந்துவிடுகிறது என்று ஜோ பதில் எழுதுகிறான். உனக்கும் ஒருநாள் அந்த வார்த்தை சரியான நேரத்தில் வாய்த்தால், அதன் பின்னாலேயே வருத்தமும் வரும் என்று எச்சரிக்கவும் செய்கிறான். பிறகு அந்தக் காப்பிக் கடைக் காட்சி. மேசையில் ஒரு புத்தகமும் ஒரு ரோஜாவுமாக முகம் தெரியாத நண்பனுக்காகக் கேத்லீன் காத்திருக்கிறாள். வெளியே நிற்கும் ஜோ, உள்ளே பார்க்கும் துணிச்சல் இல்லாமல் தன் கூட்டாளியைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கச் சொல்கிறான். அவர் பார்த்துவிட்டுச் சொல்லும் பதிலில் ஜோவின் உலகம் தலைகீழாகிறது. உள்ளே போய், யாருக்காகவோ வைத்திருக்கும் நாற்காலி என்று அவள் தடுத்தும் கேளாமல் உட்கார்கிறான், சீண்டுகிறான். வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்கு அந்த வார்த்தை சரியான நேரத்தில் வாய்க்கிறது. அவனை உள்ளீடற்ற வெறும் கோட்டு சூட்டு என்று சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல்லைத் தன் எதிரிமீது வீசியதாக அவள் நினைக்கிறாள். அது விழுவது தன் நண்பன்மீது. பின்னர், தான் சொன்னதற்காக வருந்தி அவள் எழுதுவதும் அதே நண்பனுக்குத்தான். முதல் அரை மணி நேரத்தில் போகிறபோக்கில் ஊன்றிய விதை, படத்தின் நடுவில் இப்படி முளைக்கிறது. இதை வாய்பாடு என்று ஒதுக்கினால், வாய்பாட்டை ஒழுங்காகப் போட்டுக்காட்டும் எழுத்தாளர் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

அந்திமல்லி:

படுகளம் அவர்கள் விவரித்த காட்சியின் திறமையை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்க் கணக்கில் இடைவேளை விட வேண்டிய இடம் அது. அந்த இடத்தில் படம் முடிந்திருந்தால் நானும் கைதட்டிக்கொண்டே வெளியே வந்திருப்பேன். அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதே என் கேள்வி.

அந்த இரவுக்குப் பிறகு ஜோவுக்கு எல்லாம் தெரியும். கேத்லீனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அந்தரங்கமாக எழுதும் கடிதங்கள் அவன் கையில் இருக்கின்றன. அவளை வீழ்த்திய கடையும் அவன் கையில் இருக்கிறது. அவள் சளியும் காய்ச்சலுமாகப் படுத்திருக்கும்போது டெய்சிப் பூக்களோடு வந்து நிற்கிறான். பிறகு அவளுடைய தோழனாகவே மாறி, அந்த மின்னஞ்சல் மனிதன் யாராக இருக்கக்கூடும், அந்த 152 என்ற எண்ணுக்கு என்ன பொருள், அகற்றிய மருக்களின் எண்ணிக்கையா என்றெல்லாம் கேலி செய்கிறான். அரங்கம் சிரிக்கிறது. நான் மட்டும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு முழு ஆட்டமும் தெரிந்து, மற்றவருக்குத் தான் ஆட்டத்தில் இருப்பதே தெரியாதபோது, அதை எப்படிக் காதல் விளையாட்டு என்று சொல்வது?

லூபிட்ச் படத்திலும் நாயகனுக்குத்தான் முதலில் தெரிகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அங்கே இருவரும் ஒரே கடையில் சம்பளத்துக்கு நிற்கும் விற்பனையாளர்கள். அவன் அந்த இரவில் காப்பிக் கடைக்கு வரும்போது, தன் மீது ஒரு குற்றமும் இல்லாமல் முதலாளியின் தவறான சந்தேகத்தால் வேலையை இழந்துவிட்டு வருகிறான். அவள் அவனை அற்பக் குமாஸ்தா என்று சொல்லும்போது அந்தச் சொல் அவனுக்கு உண்மையாகவே வலிக்கிறது. தெரிந்துகொண்டவனும் அடிபட்டவனாக இருப்பதால் தராசு நேராக நிற்கிறது. எஃப்ரான் செய்த மாற்றம் என்ன? நாயகனைக் கோடீசுவரன் ஆக்கினார். நாயகியின் பிழைப்பை அவன் கையாலேயே அழிக்க வைத்தார். அதன் பிறகும் பழைய வாய்பாட்டை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பின்பற்றினார். பழைய படத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை, இரண்டு மடங்கு பருத்த உடம்புக்கு மாட்டிவிட்டார் என்பதே என் தரப்பு. சட்டைமீது எனக்குப் புகார் இல்லை.

முகம் பாராக் காதல் என்றதும் நம்மில் பலருக்கு 1996இல் வந்த ‘காதல் கோட்டை’ நினைவுக்கு வரும். அகத்தியனின் அந்தப் படத்திலும் இருவரும் சென்னையில் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள்; அவன் ஆட்டோ ஓட்டுகிறான், உரசல்கூட நடக்கிறது. ஆனால் கடைசி இரயில் நிலையக் காட்சிவரை இருவருமே இருட்டில்தான் இருக்கிறார்கள். நாயகி கமலி பின்னிய அந்த ஸ்வெட்டர் வெளிப்படும் நொடியில் இரண்டு பேருக்கும் ஒன்றாக விளக்கு எரிகிறது. அந்த நேர்மை இங்கே இல்லை.

ஓரச்சீட்டு:

பெரியவர்கள் சண்டைக்கு நடுவே ஒரு சிறு குறிப்பு. படத்தின் தலைப்பே, ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் வரவேற்புக் குரல். சிறு கடைகளைப் பெருநிறுவனங்கள் விழுங்குவதைப் பற்றி அங்கலாய்க்கும் ஒரு படம், ஒரு பெருநிறுவனத்தின் வாசகத்தையே நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை இதுவரை ஒருவரும் சொல்லாததால் நான் சொல்லிவைக்கிறேன். அந்த நிறுவனத்தின் தொலைபேசிவழி இணைப்புச் சேவையும் 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. கரகரவென்று மோடம் கத்தும் அந்த ஓசையை என் தங்கை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். மிக்ஸி பழுதாகிவிட்டதா என்று கேட்டாள்.

படுகளம்:

தம்பி ஓரச்சீட்டு சொன்னது சரியான குத்து. தலைப்பைப் பொறுத்தவரை என்னிடம் பதில் இல்லை. அந்திமல்லி அவர்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அன்றிரவே ஜோ உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவள் அருவருத்து ஓடியிருப்பாள், அல்லது கடிதங்களின் மயக்கத்தில் பகையை மறந்து தழுவியிருப்பாள். இரண்டுமே பொய்யான முடிவுகள். கடிதத்தில் இருக்கும் ஜோவை அவள் ஏற்கெனவே விரும்புகிறாள். கண்முன் நடமாடும் ஜோவையும் விரும்பத் தக்கவனாக்கிவிட்டுத்தான் உண்மையைச் சொல்வேன் என்று அவன் நினைக்கிறான். இதில் சுயநலம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மாறுபவன் அவன்தான். தந்தையும் தாத்தாவும் மணமுறிவுகளையும் கடைகளையும் ஒரே மூச்சில் எண்ணும் குடும்பம் அது. படகில் தந்தையும் மகனும் ஆளுக்கொரு தோல்வியோடு உட்கார்ந்து பேசும் காட்சியில், இப்படியே போனால் நானும் இவராகத்தான் முடிவேன் என்பது ஜோவுக்கு உறைக்கிறது. ஹாங்க்ஸ் அதை ஒரு வசனமும் பேசாமல், தந்தையின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்திலேயே காட்டிவிடுகிறார். சாதாரண வாய்பாட்டுப் படத்தில் நாயகனின் தந்தைக்கு இப்படி ஒரு காட்சி எழுத எவருக்கும் தோன்றாது.

வாடகைநூல்:

நான் திரைப்பட விமர்சகன் இல்லை. திருச்சியில் 22 ஆண்டுகள் வாடகை நூலகம் நடத்தியவன். அந்தத் தகுதியில் மட்டும் இரண்டு வார்த்தை பேச அனுமதியுங்கள்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தபோது என் கடை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை பார்த்தபோது மூடி ஓராண்டாகியிருந்தது. முதல் முறை எனக்குக் காதல் கதை தெரிந்தது. இரண்டாவது முறை கடை மட்டுமே தெரிந்தது. கேத்லீன் தன் கடைக்காகப் போராடுகிறாள். கூட்டம் கூடுகிறது, முழக்கம் எழுகிறது, பத்திரிகையில் செய்தி வருகிறது, தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு கல்லாப்பெட்டியைத் திறந்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த ஓர் உண்மையை எழுதியவர்கள் நிச்சயம் ஏதோ ஒரு கடைக்காரரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நான் மூடப்போகிறேன் என்று பலகை வைத்ததும் எவ்வளவு பேர் வந்தார்கள் தெரியுமா! கையைப் பிடித்துக்கொண்டார்கள், சிறுவயதில் இங்கேதான் முதல் துப்பறியும் நாவலை எடுத்தேன் என்று கண்கலங்கினார்கள். அவர்கள் போன பிறகு சிட்டையைப் புரட்டிப் பார்ப்பேன். கண்கலங்கியவர் கடைசியாகப் புத்தகம் எடுத்தது இரண்டரை ஆண்டுக்கு முன்பு. அவர்மீது குறை சொல்லவில்லை. அவருக்கு என் கடை இருக்க வேண்டும், அவ்வளவுதான். வர வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இன்னொரு காட்சி. கடை மூடியபின் கேத்லீன், எதிரியின் அங்காடிக்குள் முதல் முறையாகப் போகிறாள். சிறுவர் பகுதியில் ஒரு குட்டையான இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். அருகே ஒரு பெண்மணி, ‘ஷூ’ புத்தகங்கள் இருக்கின்றனவா என்று ஊழியரிடம் கேட்கிறார். ஊழியருக்கு அவை என்னவென்று தெரியவில்லை. எழுதியவர் பெயர் தெரியுமா என்று திருப்பிக் கேட்கிறார். அப்போது கேத்லீன், நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்ட் என்று எழுத்தாளரின் பெயரைச் சொல்லி, எந்தப் புத்தகத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்கிறாள். சொல்லும்போதே குரல் உடைகிறது. ஜோ சற்றுத் தள்ளி நின்று இதைக் கேட்கிறான். அறிவு என்பது கணினியில் தட்டினால் வருவதாக நினைக்கும் இடத்தில், அந்த அறிவைத் தலைக்குள் வைத்திருந்த ஒருத்தியை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டோம் என்பது அவனுக்கு அங்கேதான் விளங்குகிறது. என் கடையில் ஒரு பாட்டி வருவார். தலைப்பும் தெரியாது, ஆசிரியரும் தெரியாது, ‘போன மாசம் கொடுத்தியே, அந்த ஊமைப் பொண்ணு கதை, அது மாதிரி இன்னொண்ணு’ என்பார். எடுத்துக்கொடுப்பேன். அந்த வேலைக்கு எந்தப் பட்டியலும் உதவாது.

இவ்வளவு உண்மையான காட்சிகளை எழுதிவிட்டு, அதன் பிறகு படம் என்ன செய்கிறது என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். கடையில் வேலை பார்த்த ஜார்ஜுக்கு ஜோவின் அங்காடியிலேயே சிறுவர் பகுதியில் வேலை கிடைத்துவிடுகிறது. கணக்குப் பார்த்த முதியவள் பர்டி எப்போதோ இன்டெல் பங்குகளை மலிவு விலையில் வாங்கிப் போட்டவள், எனவே அவளுக்கும் கவலையில்லை. கேத்லீன் குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதத் தொடங்கிவிடுகிறாள். ஒரு கடை மூடியதில் ஒருவருக்கும் அடுத்த மாத வாடகை இடிக்கவில்லை! சாவு வீட்டில் எல்லோருக்கும் பந்தி போட்டு வெற்றிலை கொடுத்து அனுப்புகிறார்கள். காதல் நகைச்சுவையின் வாய்பாட்டுக்கு ஒருவர் கண்ணிலும் நீர் மிஞ்சக்கூடாது என்பதால், தானே நேர்மையாகக் காட்டிய இழப்பைத் தானே துடைத்து வைத்துவிடுகிறது. அந்திமல்லி அம்மா சொன்ன சட்டைக் கணக்கை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மாலைக்காட்சி:

ஐயா எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மின்தூக்கியையும் நாயையும் பற்றி நான் எழுதியது அற்பமான குறை. அவற்றை நான் முதல் இரண்டு முறையும் ரசித்தவன்தான்.

இதோடு ஒரு செய்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் நடக்கும் அந்த அப்பர் வெஸ்ட் சைடில், பிராட்வே தெருவில் இருந்த ஷேக்ஸ்பியர் அண்ட் கோ புத்தகக் கடை, அருகில் பார்ன்ஸ் அண்ட் நோபல் அங்காடி வந்தபின் தாக்குப்பிடிக்க முடியாமல் 1996இல் மூடப்பட்டது. அதாவது அந்தத் தெருக்காரர்களுக்கு அது இரண்டே வயதான காயம். படம் வந்தபோது அமேசான் புத்தகம் விற்கத் தொடங்கி மூன்று ஆண்டுகளாகியிருந்தது. ஆனால் மின்னஞ்சலையே உயிராகக் கொண்ட இந்தத் திரைக்கதைக்கு, அதே கம்பி வழியாகத்தான் ஜோவின் அங்காடிக்கும் ஆபத்து வரப்போகிறது என்பது தெரியவில்லை. பார்டர்ஸ் என்ற பெரும் புத்தகச் சங்கிலி 2011இல் திவாலானபோது, ஜோ ஃபாக்ஸ் இப்போது யாருக்கு மின்னஞ்சல் எழுதி அழுவான் என்று எனக்குத் தோன்றியது.

படுகளம்:

1998இல் எடுத்த படம் 2011ஐக் கணிக்கவில்லை என்பதைக் குறையாகச் சொன்னால் நான் என்ன செய்ய! ஆனால் ஐயாவின் பதிவுக்கு முன்னால் எனக்கும் குரல் தாழ்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கடை காலியான பிறகு, வெறும் அலமாரிகளுக்கு நடுவே கேத்லீன் நின்று, சிறுமியாகிய தானும் தாயும் கைகோத்துச் சுற்றி ஆடுவதைக் கற்பனையில் பார்க்கும் காட்சி இருக்கிறதல்லவா, அது வாய்பாட்டுக்குத் தேவையே இல்லாத காட்சி. காதல் கதை அங்கே ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. தாயை இரண்டாவது முறை இழக்கும் மகளின் கதை மட்டும் அங்கே இருக்கிறது. உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்த ஒரு வணிகப் படத்தில், சிரிப்புக்கும் முத்தத்துக்கும் இடையில் இந்தத் துக்கத்தைக் கொண்டுபோய் வைக்க முடிந்ததே, அது வாய்பாடு கொடுத்த துணிச்சல். முடிவு இனிப்பாகத்தான் இருக்கும் என்று பார்வையாளர் நம்பியதால்தான் அந்தக் கசப்பை அமைதியாக விழுங்கினார்கள். வாய்பாடு இல்லாமல் எடுத்திருந்தால் இதே காட்சியை நூறு பேர் பார்த்திருப்பார்கள்.

அந்திமல்லி:

இதை ஏற்கிறேன். நீங்கள் இதுவரை சொன்னவற்றிலேயே வலுவான வாதம் இதுதான். ஆனால் இனிப்பு தருகிறேன் என்று சொல்லிக் கசப்பை ஊட்டியவர், இனிப்பையும் ஒழுங்காகத் தர வேண்டும் அல்லவா?

கடைசிக் காட்சிக்கு வருவோம். ரிவர்சைடு பூங்காவின் பூச்செடிகளுக்கு நடுவே அவள் நிற்கிறாள். முதலில் அவளுக்குக் கேட்பது, நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரல். அந்த நாயின் பெயர் கடிதங்கள் வழியே அவளுக்குத் தெரியும். அந்தக் குரலும் தெரியும். ஜோ வளைவில் திரும்பி வருகிறான். அவள் அழுகிறாள், அது நீங்களாக இருக்க வேண்டும் என்றுதான் விரும்பினேன் என்கிறாள். பின்னணியில் ஹாரி நில்சன் பாடுகிறார், படம் முடிகிறது. மெக் ரயன் அந்தச் சில நொடிகளில் முகத்தில் காட்டும் தயக்கமும் நிம்மதியும் அபாரமானவை, அதில் ஐயமில்லை. ஆனால் அவள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: ‘எவ்வளவு நாளாக உனக்குத் தெரியும்?’ அந்தக் கேள்விக்குப் படம் நேரமே கொடுக்கவில்லை. லூபிட்ச் தன் கடைசிக் காட்சியில் இருவரையும் பேச விட்டார். அவள் வியப்பதற்கும் கேட்பதற்கும் இடம் கொடுத்தார். இங்கே முத்தம் அந்த வாயை மூடிவிடுகிறது. அவள் கேட்டிருந்தால், காப்பிக் கடை, காய்ச்சல், டெய்சிப் பூ, மருக்களைப் பற்றிய கேலி என்று எல்லாவற்றையும் அவள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப் பார்த்த பிறகும் அவள் சிரித்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கைதட்டியிருப்பேன்.

படுகளம்:

அவளுக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது என்று நான் வாசிக்கிறேன். விரும்பினேன் என்று இறந்தகாலத்தில் சொல்கிறாளே. எப்போது விரும்பினாள்? பூங்காவுக்கு வரும் முன்பே, அந்த மனிதன் இவனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். பூங்காச் சந்திப்புக்குப் புறப்படும் முன், நாம் வேறு விதமாகச் சந்தித்திருந்தால் என்று ஜோ தெருவில் நின்று பேசும்போது அவள் கண்கள் கலங்குவதைப் பாருங்கள். அந்தக் கலக்கத்துக்கு வேறு பொருள் இருந்தால் சொல்லுங்கள்.

அந்திமல்லி:

விரும்புவது வேறு, அறிவது வேறு. அவள் விரும்பினாள், அவன் அறிந்திருந்தான். என் வழக்கு முழுவதும் அந்த இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

ஓரச்சீட்டு:

வாடகைநூல் ஐயாவிடம் ஒரு கேள்வி. படத்தில் எதிரி அங்காடியில் வேலைக்குப் போன ஜார்ஜ் மீது உங்களுக்குக் கோபம் உண்டா? எனக்கு ஜோவைவிட அவன்மீதுதான் கோபம் வந்தது.

வாடகைநூல்:

இல்லை தம்பி. என்னிடமும் ஒரு பையன் இருந்தான்; பத்தாவது முடித்துவிட்டு வந்தவன், எட்டு ஆண்டு இருந்தான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டுவதில் அவனைப் போல நேராக ஒட்டுபவன் கிடையாது. கோந்து ஒரு துளி வெளியே வராது. நான் கடையை மூடிய மாதமே, ஊரில் புதிதாக வந்த ஒரு பெரிய புத்தக அங்காடியில் சேர்ந்துவிட்டான். என்னிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். போடா, நல்லபடியாக இரு என்று நானே சொல்லி அனுப்பினேன். இப்போதும் ஒவ்வொரு தீபாவளிக்கும் இனிப்புப் பெட்டியோடு வருகிறான். அங்காடியில் ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டு, உங்களுக்கு வேண்டியதைச் சொல்லுங்கள், வாங்கி வருகிறேன் என்பான். இனிப்பை வாங்கிக்கொள்வேன். அந்தக் கடையில் இதுவரை ஒரு புத்தகம் வாங்கியதில்லை.